நடந்தவர்களும் நடப்பவர்களும்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில், நடந்து போகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் பரிதாபப்படுவார்கள். ‘பஸ்ஸுக்குக் காசில்ல போலிருக்கு, பாவம்’ என்று மாட்டுவண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். இப்போது பரிதாபமெல்லாம் நடக்காதவன் மேல்தான். ‘இன்னும் வாக்கிங் ஆரம்பிக்கலியா சார்? சுகர் எவ்ளோ இருக்கு?’ என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கூட விசாரிக்கிறார். யாராவது வண்டியை நிறுத்தி ‘ஏறுங்க, விட்டுடறேன்’ என்றால் நடக்கிறவருக்குக் கோபம் வருகிறது.

சுகரைப் பற்றி விசாரிக்க எங்கள் வட்டாரத்தாருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எங்களுக்கு. கரும்பை வெட்டிக் கட்டி வண்டியேற்றிக்கொண்டு இருந்த வரையில் சர்க்கரை ஆலையோடு நின்றது. பிள்ளைகள் படித்து, நாற்காலி கிடைத்து, உட்கார்ந்த பிறகு அது நேராக ரத்தத்துக்கு வந்துவிட்டது.

2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து, கள்ளக்குறிச்சி என்று நாங்கள் தனி மாவட்டம் ஆனோம். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், மனை விலை ஏறியது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2023 நவம்பர் 4-ம் தேதி, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பெயர் வைத்து, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் ஆளுக்கு எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கி வைத்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் மருத்துவ முகாமும் உண்டு. ஜப்பானில் டோக்கியோ நகரத்தில் இப்படி ஒரு பாதையைப் பார்த்துவிட்டு வந்த யோசனை அது.

எட்டு கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய பத்தாயிரம் காலடி. இந்தப் பத்தாயிரமும் ஜப்பானிலிருந்து வந்த கணக்குத்தான். 1965-ல் யமாசா என்கிற கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டு காலடியை எண்ணுகிற கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரிலேயே பத்தாயிரத்தைச் சேர்த்து விற்றார்கள். கேட்பதற்கு எடுப்பான எண். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களின் இடுப்பில் அதை மாட்டியிருந்தால் மத்தியானத்துக்குள் எண்கள் தீர்ந்து கருவி நின்றுபோயிருக்கும்.

என் ஊர் கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கோமுகி ஆற்றின் கரையில். கல்வராயன் மலையில் பொட்டியம், மாயம்பாடிப் பக்கத்து ஓடைகளெல்லாம் இறங்கி வந்து கோமுகி அணையில் சேரும். 1960-களில் கட்டிய அணை, 46 அடி. அங்கிருந்து ஆறு கள்ளக்குறிச்சியைத் தொட்டுக்கொண்டு போய் மணிமுக்தாவோடு கலந்து, கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. கள்ளக்குறிச்சிக்குப் போக எங்களுக்கு ரோடும் இருந்தது. ஆனால் ரோடு சுற்று. கரையோடு போனால் குறுக்கு. ஆகவே கரையில் ஒற்றையடிப் பாதை. அதை யாரும் போடவில்லை. அதனால் யாரும் வந்து திறந்துவைக்கவும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு அதைத் தின்றுவிடும். தண்ணீர் வடிந்ததும் முதலில் போகிற ஆடுகள் புதிதாக ஒன்றைக் காட்டிக்கொடுக்கும்.

அப்போதும் விடியற்காலையில் ஆற்றங்கரையில் கூட்டம்தான். இன்றைய வாக்கிங்காரர்களைப் போலவே ஆளுக்கு ஒரு மூலையாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் பார்க்காத பாவனையில் போவார்கள். கையில் தண்ணீர் இருக்கும். இப்போது பாட்டில், அப்போது சொம்பு. அவ்வளவுதான் வித்தியாசம். வேகம்கூடக் கிட்டத்தட்ட அதேதான்.

கரையில் புங்கமரமும் நாவல்மரமும் உண்டு. நாவல் பழுக்கிற நாளில் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் எங்கள் வகுப்பில் கிடையாது. நாக்கை நீட்டச் சொல்லித்தான் வாத்தியார் விசாரணை நடத்துவார். தாகம் எடுத்தால் ஆற்று மணலில் கையால் பறித்தால் போதும். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல், அதை வாரி இறைத்துவிட வேண்டும். இரண்டாவது முறை ஊறுவதும் கொஞ்சம் கலங்கல்தான். மூன்றாவதாக ஊறி நிற்கிற தண்ணீரில் அடி மணல் ஒவ்வொன்றாக எண்ணலாம்போலத் தெரியும். கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்துவிட்டு, அடுத்தவனுக்காகக் கொட்டாங்குச்சியை ஊற்றின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவோம்.

செருப்பு என்று ஒன்று, லாரி டயரை அறுத்துத் தைத்தது, எங்கள் அப்பாவிடம் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது கையில் எடுத்துக்கொள்வார். கள்ளக்குறிச்சி எல்லை வந்ததும் காலை ஆற்றில் கழுவிக்கொண்டு மாட்டிக்கொள்வார். ‘ஏம்ப்பா, வழியிலதானே முள்ளு?’ என்று கேட்டேன். ‘முள்ளு குத்துனா கால்ல தோல் வளரும்டா. செருப்பு தேஞ்சா வளருமா?’ என்றார். போன தீபாவளிக்கு என் மகன் வாங்கிக் கொடுத்த ஷூவின் பெட்டியில், ஓடுவதற்கு வேறு, நடப்பதற்கு வேறு, இது நடப்பதற்கு மட்டும் என்று எச்சரிக்கை போட்டிருந்தது. அப்பா அதைப் படித்திருந்தால் வைப்பதற்கு மட்டும் என்று முடிவு செய்திருப்பார்.

சைக்கிள் பிற்பாடு வந்தது. வாடகை சைக்கிள். மணிக்கு நாலணா. கடைக்காரர் நோட்டில் நேரத்தை எழுதி, பிரேக் உண்டா என்று நாம் கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். ஸீட்டுக்கு எட்டாத வயதில் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டோம். மணலில் சக்கரம் புதையும். அந்த இடங்களில் சைக்கிளை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். சொந்த சைக்கிள் வைத்திருந்தவர்கள் பஞ்சாயத்துக்கு வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஆளை ஏற்றினாலும் போலீஸ்காரர் பிடிப்பார். சைக்கிள் ஓட்டியதற்கு அன்றைக்குக் கட்டணம், அபராதம். இன்றைக்குச் சைக்கிள் ஓட்டியதற்குச் சான்றிதழும் டீ-ஷர்ட்டும் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசத்தோடும் கண்ணாடியோடும் அணை வரைக்கும் போய்த் திரும்புகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்கள் சைக்கிளில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணியும் இல்லை. எங்கள் வாடகை சைக்கிளிலும் இதெல்லாம் இருக்காது. அந்தக் கோலத்துக்குத்தான் இன்றைக்கு விலை அதிகமாம்.

கரையில் எங்களைவிட அதிகம் நடந்தவர்கள் மலைக்காரர்கள். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர், தமிழ்தான் பேசுவார்கள். அவர்களுக்குக் கீழே இறங்க எத்தனையோ தடங்கள், எல்லாம் கால்தடங்கள். புளி, கடுக்காய், தேன், சாமை என்று தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். கடுக்காயைத் தோல் பதனிட வாங்கிப் போக வியாபாரிகள் காத்திருப்பார்கள். திரும்பும்போது உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள். என் ஆயா எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்கும்.

‘எங்க தூரமா?’

‘இங்கதான் ஆயா, சந்தைக்கு.’

‘எப்பக் கெளம்புனீங்க?’

‘நேத்து.’

நேற்றுக் கிளம்பி இன்றைக்கு வந்து சேர்ந்த இடத்தை ‘இங்கதான்’ என்று சொல்கிறவர்களிடம் பத்தாயிரம் காலடியைப் பற்றி என்ன பேசுவது? சில சமயம் சுமைக்குப் பதிலாக ஆள் வரும். மூங்கிலில் போர்வையைத் தூளி கட்டி, அதில் பிரசவத்துக்குத் தவிக்கிற பெண்ணையோ, காய்ச்சலில் பிதற்றுகிற கிழவரையோ கிடத்தி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையோடு விரைவார்கள். அப்போது ஆயா ‘எங்க தூரமா’ என்று கேட்காது. சொம்பில் தண்ணீரோடு வழியில் போய் நிற்கும்.

அந்தத் தடத்தில் வேறொரு சரக்கும் இறங்கியது, மறைப்பானேன்? லாரி டியூபில் அடைத்த சாராயம். தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் வருவார்கள். சுமந்தவனுக்குக் கூலி, முதல் போட்டவனுக்கு லாபம், குடித்தவனுக்கு மற்றதெல்லாம். வாங்கியதும் விற்றதும் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். கெட்ட பெயர் மட்டும் மலைக்குப் போனது.

இனி இந்தக் காலம். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பிஷான் பக்கத்தில். போயிருந்தபோது பேத்தி என்னைக் காலையில் கல்லாங் ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். புல்வெளி, வளைந்து வளைந்து ஓடுகிற ஆறு, ஓரத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை. நான் அது இயற்கையாக அமைந்த ஆறு என்றே நினைத்தேன். மகன்தான் சொன்னான், அது ஒரு காலத்தில் நேர்க்கோட்டில் கட்டிய கான்கிரீட் கால்வாயாம். வெள்ளத்துக்குப் பயந்து கட்டினார்கள். பிறகு அதையே உடைத்து, 2.7 கிலோமீட்டர் கால்வாயை 3.2 கிலோமீட்டர் ஆறாக நெளியவிட்டு, 2012-ல் பூங்காவோடு சேர்த்துத் திறந்தார்கள். காசு செலவழித்து ஆற்றைக் கோணலாக்கிய ஊரை நான் அங்கேதான் பார்த்தேன். நீர்நாய்கள்கூடத் திரும்பி வந்துவிட்டன.

‘தாத்தா, மழை பெருசா வந்தா சங்கு ஊதும். நம்ம எல்லாரும் மேல ஏறிடணும்’ என்றாள் பேத்தி.

‘பாதை?’

‘பாதை தண்ணிக்குள்ள போய்டும்.’

‘அப்புறம்?’

‘அப்புறம் தண்ணி போனதும் நடக்கலாம்.’

எங்கள் கோமுகிக் கரை ஆடுகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் நன்றாகத் தெரியும். ஆறு வந்தால் பாதை விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சங்கு மட்டும்தான் புதிது.

நம் நாட்டில் ஆற்றங்கரை நடைபாதை என்றதும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அகமதாபாத்தை. சபர்மதியின் இரண்டு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, ஆற்றை ஒரே அகலத்துக்கு ஒடுக்கி, 2012-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முதலில் நடக்க வேண்டியிருந்தது, ஊருக்கு வெளியே. ஆற்றில் நிற்பதோ நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். மாப்பிள்ளையை வெளியூரிலிருந்து வாடகைக்கு அழைத்து வந்து நடத்திய கல்யாணம் மாதிரி. மதுரையிலும் வைகைக்கு இரு கரையிலும் சுவர் வைத்துச் சாலை போட்டிருக்கிறார்கள். அழகர் வருகிற நாளில் அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நாளில் சாலையில்தான் ஓட்டம் அதிகம்.

இதையெல்லாம் பார்த்த எங்கள் வாக்கிங் கோஷ்டிக்கு ஆசை வந்துவிட்டது. கோமுகிக் கரையிலும் ஒரு பாதை வேண்டும். பேவர் பிளாக், எல்இடி விளக்கு, சைக்கிளுக்குத் தனியாகப் பச்சை வர்ணம், ‘ஐ லவ் கள்ளக்குறிச்சி’ என்று எழுதி இதயம் போட்ட பலகை. மனு எழுதுகிற வேலை, தமிழ் நன்றாக எழுதுவேன் என்கிற பழியால், என்னிடம் வந்தது. எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை கரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

வேலிகாத்தான்தான் என்னை வரவேற்றது. புங்கமும் நாவலும் இருந்த இடத்தை அது மொத்தமாகக் கிரயம் வாங்கியிருக்கிறது. மணல் இல்லை. இரவு லாரிகளில் அது எங்கெங்கோ வீடாகிவிட்டது. மணல் இருந்த இடத்தில் களியும் பள்ளமும். பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறது, ஊரின் சாக்கடை கொண்டுவந்து சேர்ப்பது. எத்தனை முறை வாரி இறைத்தாலும் அது தெளியப்போவதில்லை. அணை நிரம்பித் திறந்துவிடுகிற வாரத்தில் மட்டும் ஆறு தன் பழைய அளவுக்கு எழுந்து, கரையில் யார் யார் எவ்வளவு தள்ளி வந்து கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு சர்வே நடத்திவிட்டுப் போகும்.

இந்தக் கரையை நாடு முழுவதும் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அவர்களில் பலரை எரித்தது கோமுகிக் கரையில்தான். வரிசையாகச் சிதை அடுக்கினார்கள். அன்றைக்குக் கேமராக்களும் கார்களும் கரை வரைக்கும் வந்தன. வழி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் கல்வராயன் மலை ஞாபகத்துக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த மலை ஜனங்களின் நிலைமையை விசாரணைக்கு எடுத்தது. சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த மலை அது. அரசாங்கம் அதைக் கையில் எடுத்ததே 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து மலைக்கு வந்து சேர இருபத்தொன்பது வருஷம். மலைக்காரர்களே பரவாயில்லை, மறுநாளே வந்து சேர்ந்தார்கள்.

இன்றைக்கு வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பஸ் போகிறது. கரியாலூரில் படகு விடுகிறார்கள், கோடை விழா நடத்துகிறார்கள், பெரியார் அருவிக்குக் கார்கள் வரிசை கட்டுகின்றன. சென்னையிலிருந்து வருகிற மலையேற்றக் குழுக்கள் கம்பும் பையுமாக ஏறி, ரோடே இல்லாத இடமாகப் பார்த்து நடந்துவிட்டு, ‘என்ன ஒரு அனுபவம்!’ என்று படம் போடுகிறார்கள். ரோடு சேராத குக்கிராமத்துக்காரருக்கு அந்த அனுபவம் தினமும் இலவசம். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மலைக்காரப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் நடைபாதை விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

‘அந்தப் பாதை எங்க போவுது சாமி?’

‘எங்கயும் போகாதுங்க. போய்ட்டுத் திரும்பி வந்துடும்.’

‘அதுல யாரு போவாங்க?’

‘எங்களமாதிரி ஆளுங்க.’

‘ஒடம்புக்கு முடியாதவங்களா?’

‘ஆமா, முடியாதவங்கதான்.’

‘அப்பச் சரி’ என்றார். ‘எங்க பக்கம்கூட ஒடம்புக்கு முடியாதவங்களுக்குத்தான் பாதை கேக்கறோம்.’

மனுவை எழுதிவிட்டேன். வாக்கிங் கோஷ்டிக்கு அது பிடிக்கவில்லை. பேவர் பிளாக் மூன்றாம் பத்திக்குப் போய்விட்டது என்று வருத்தம். முதல் பத்தியில், சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். கரையில் பாதை போடுவதாக இருந்தால் ஆற்றைச் சுவருக்குள் ஒடுக்காமல், வெள்ளம் வந்தால் விலகிக்கொள்கிற மண்பாதையாகப் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் பத்தியில் மலை. ஆறு எங்கே தொடங்குகிறதோ பாதையும் அங்கே தொடங்கட்டும். எட்டு கிலோமீட்டர் என்று ஒதுக்கீடு இருந்தால், முதல் எட்டைத் தூளி கட்டித் தூக்குகிற ஊருக்குக் கொடுங்கள், எங்கள் சர்க்கரை அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டபின் கோஷ்டித் தலைவர் ஒரு சந்தேகம் கேட்டார். ‘அவ்ளோ தூரத்துல வெச்சா, திறப்பு விழாவுக்கு வர்றவங்க கார் எப்படி சார் போகும்?’ இடத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. திறந்துவைக்கிறவரின் கார் போய்ச் சேர முடிகிற இடத்தில் பாதைக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவர் நடந்துதான் வர வேண்டும் என்கிற இடமாகப் பார்த்து ரிப்பனைக் கட்டச் சொல்லி, மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.